உழவாரப் பணி ஞாயிறும் வீட்டு ஞாயிறும்

பழைய கோயில்களைக் குழுவாகப் போய்ச் சுத்தம் செய்யும் உழவாரப் பணியில் சேர ஆசைதான், ஆனால் வீட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கோயிலுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பகல் வீட்டில் யாருடைய பகல் என்று பாருங்கள். நான் பிராகாரத்தில் புல் செதுக்கும் நேரத்தில் என் மாமியார் அடுப்படியில் நின்றால், அந்தப் பணியில் பாதி அவருடையது. அந்தப் பாதியை அவரைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் சுவாமிக்குக் கொடுப்பதை என் மனம் ஏற்பதில்லை.

என் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். சனிக்கிழமையும் வேலை உண்டு. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் தவறக் கூடாது. கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பெரியார் கொள்கையில் ஊறிய குடும்பத்தில் வளர்ந்தவர், கோயிலுக்குள் வர மாட்டார். இந்த வீட்டிலிருந்துதான் மாதம் ஒரு ஞாயிறு நான் உழவாரப் பணிக்குப் போய் வருகிறேன்.

குழுவைத் தேர்ந்தெடுப்பது

எங்கள் பக்கத்தில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் மாதம் ஒரு ஞாயிறு வேன் எடுத்துக்கொண்டு, வருமானம் இல்லாத, ஒருகாலப் பூஜை மட்டும் நடக்கும் பழைய கோயிலுக்குப் போவார்கள். சேருமுன் என்ன பணி என்று கேட்பதைவிட, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று கேளுங்கள். மதியம் திரும்பும் குழுவும் உண்டு, மாலை வழிபாடு முடித்து இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடும் குழுவும் உண்டு. கைப்பிள்ளைக்காரிக்கும் முதியவரை வைத்துப் பார்ப்பவருக்கும் முதல் வகைதான் சரிப்படும்.

அடுத்து, அனுமதி. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் அந்தத் துறை சொல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தேய்க்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்யாத குழுவோடு போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். வீட்டில் அத்தனை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவர்களுக்குப் புரியாது.

இன்னொன்றும் உண்டு. “இந்த மாதம் வர இயலாது” என்றால் ஏன் என்று துருவாத குழுவாக இருக்க வேண்டும். மாதவிலக்கு இருக்கும், பங்காளி வீட்டுத் தீட்டு இருக்கும், வீட்டில் ஒரு சண்டை இருக்கும். எல்லாவற்றையும் பத்துப் பேர் நடுவில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சனிக்கிழமை இரவு

ஞாயிற்றுக்கிழமை வெற்றி பெறுவதும் தோற்பதும் சனிக்கிழமை இரவிலேயே முடிவாகிவிடும். எங்கள் வீட்டில் சீருடை துவைப்பதும் மாவரைப்பதும் ஞாயிற்று வேலைகள். பணி இருக்கும் வாரத்தில் இரண்டையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறேன். புளிக்குழம்பு வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். மாமியாருக்குக் காய் நறுக்கி டப்பாவில் போட்டு வைப்பேன், அவர் தாளித்துக்கொள்வார். மாத்திரைகளைக் காலை, மதியம் எனத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து மகனிடம் பொறுப்பை ஒப்படைப்பேன். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் அவன் காட்டும் அக்கறையைப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கும்.

காலண்டரில் முதலில் குறிக்க வேண்டியவை பிள்ளைகளின் தேர்வுகள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத் தேர்வு. அதற்குப் பிறகு முகூர்த்த நாள்கள். ஆவணியிலும் தையிலும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. மிஞ்சும் ஞாயிறுகள்தான் பணிக்கு. வருடத்தில் சில மாதங்கள் விட்டுப்போகும், போகட்டும். மகள் பொதுத் தேர்வு எழுதும் மார்ச்சில் நான் எந்த வேனிலும் ஏறப்போவதில்லை என்று இப்போதே குழுவில் சொல்லிவிட்டேன்.

எந்த வேலையை எடுப்பது

விமானத்தின் மேல் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் அகற்றுவது பழகியவர்கள் வேலை. கையால் வெடுக்கென்று பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் பெயர்ந்து வரும்; வேரை உள்ளே விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். சாரத்தில் ஏறுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் உங்களை நம்பிச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தரையில் நின்று செய்யும் பணியையே கேளுங்கள். வஸ்திரம் துவைப்பது, நந்தவனத்துக்குப் பாத்தி கட்டுவது, பிராகாரத்தில் புல் செதுக்குவது, விளக்கு துலக்குவது என்று எவ்வளவோ இருக்கிறது.

எனக்குப் பிடித்தது விளக்கு. ஆண்டுக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போன சரவிளக்கை எடுத்தவுடன் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பிசுக்கின் மேல் புளி ஏறாது, கைதான் வலிக்கும். முதலில் தேங்காய் நாரால் கரித்திரியையும் கெட்டி எண்ணெயையும் வழித்தெடுக்க வேண்டும். பிறகு சீயக்காய்த் தூளை வெந்நீரில் குழைத்துப் பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். மடைப்பள்ளியில் கேட்டால் வெந்நீர் தருவார்கள். பிசுக்கு விட்ட பிறகுதான் பழைய புளியும் சலித்த செங்கல் பொடியும். சங்கிலிக் கண்ணியின் உள்பக்கத்துக்கு விரல் போகாது, நாரை முறுக்கி உள்ளே விட்டு இழுக்க வேண்டும். பித்தளையின் மஞ்சள் தெரிந்ததும் நிறுத்தி, உடனே நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, திருநீற்றைத் தொட்டு உலர்ந்த துணியால் மெருகு ஏற்ற வேண்டும். புளித் தண்ணீர் காயும்படி விட்டுவிட்டால் மறுநாளே பச்சை பூத்துவிடும்.

கருவறைக்குள் இருக்கும் பொருளைக் குருக்கள் வெளியே எடுத்து வைத்தால் மட்டும் தொடுங்கள். கல்வெட்டுள்ள சுவரில் கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் ஆகவே ஆகாது. ஆயிரம் ஆண்டுகளாக நின்ற எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் அழித்துவிட முடியும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நம்பாதவர் வீட்டில் இருந்தால்

என் கணவரிடம் நான் பக்தியைப் பற்றி வாதம் செய்வதில்லை, அவரும் என்னிடம் செய்வதில்லை. பணிக்கான வேன் கட்டணம், காணிக்கை எல்லாம் என் சம்பளத்திலிருந்து. வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைப்பதில்லை. அவர் பல வருடங்களாக இரத்த தானம் செய்கிறவர். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம் என்பதால் அந்தத் தேதியும் எங்கள் காலண்டரில் இருக்கிறது. அவர் முகாமுக்குப் போகும் நாளில் பிள்ளைகள் என் பொறுப்பு, நான் பணிக்குப் போகும் நாளில் அவர் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் வேன் நிற்கும் இடத்துக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். உங்கள் வீட்டில் நம்பாதவர் இருந்தால் அவரை மாற்ற முயல வேண்டாம். அவர் நெஞ்சார மதிக்கும் ஒரு தொண்டு இருந்தால் அதற்கு நீங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இதில் எனக்கு வழிகாட்டி திலகவதியார். உழவாரப் பணி என்றால் எல்லோரும் அப்பரைச் சொல்வார்கள். அவருக்கு முன்பே திருவதிகைக் கோயிலில் அலகிட்டு (பெருக்கி), மெழுகி, மாலை தொடுத்தவர் அவருடைய அக்கா. பெற்றோர் இறந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டபோது, தம்பிக்காகவே உயிரைத் தாங்கியவர். அந்தத் தம்பி சமணம் தழுவிப் போய்விட்டார். சூலை நோயால், அதாவது கடும் வயிற்றுவலியால், துடித்துக்கொண்டு ஓர் இரவில் திரும்பி வந்தவரைத் திலகவதியார் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லவில்லை. திருநீறு கொடுக்கிறார். பொழுது விடியுமுன், தினமும் எடுத்துப்போகும் திருவலகையும் (துடைப்பம்) சாணத்தையும் நீர்க்குடத்தையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். குடும்பத்துத் துயரம் வாசலுக்கு வந்த அன்றும் அவர் அலகிடப் போனார், துயரத்தோடு வந்தவரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டையும் கோயிலையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

திட்டம் கலைந்தால்

கலையத்தான் செய்யும். பையனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் அடிக்கும், மாமியாருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், கணவருக்கு ஊரிலிருந்து அவசரமாக ஆள் வந்துவிடும். வீட்டில் ஒருவர் படுத்திருந்தால் போகக் கூடாது என்பது என் தீர்மானம். வேன் கிளம்புமுன் குழுத் தலைவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

அந்த நாளில் அடுப்படியிலேயே ஒரு பதிகம் பாடுகிறேன். சாதாரண நாள்களில் அதற்கும் நேரம் கிடைக்காது; மகளுக்குத் தலை பின்னும்போது ஒரு பாட்டு, அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி அவளுக்கும் சில பாடல்கள் பாடமாகிவிட்டன. மாலையில் விளக்கேற்றுவதை மட்டும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறோம். இதற்கு மேல் விரதம், பாராயணம் என்று அடுக்கிக்கொண்டு, முடியாதபோது பிள்ளைகளிடம் எரிந்து விழும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த அளவு போதும் என்பேன்.

நன்றாகப் பணி செய்பவரைக் கணக்கு எழுத, நன்கொடை திரட்ட, அடுத்த கோயிலைப் போய்ப் பார்த்துவர என்று இழுப்பார்கள். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் மாதம் ஒரு நாள் என்பது வாரம் மூன்று மாலையாக மாறுவது இப்படித்தான். “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி, உண்மையிலேயே வீட்டில் கேளுங்கள். மாமியார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல்முறை குடும்பத்தோடு போக

சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை. பல ஆண்டுகளில் அது பள்ளி விடுமுறைக்குள் வரும். அதையொட்டி அரைநாள் பணி, அதுவும் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் என்றால் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். எங்களுக்குத் திருநல்லூரும் திருச்சத்திமுற்றமும் அருகில். அப்பர் திருவடி வேண்டிப் பாடிய தலம் திருச்சத்திமுற்றம், திருவடி சூட்டப்பெற்ற தலம் திருநல்லூர். பழைய பருத்தி உடை, இரண்டு துண்டு, மோர், காயத்துக்குப் பிளாஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். சின்னவர்களுக்குப் புல் பொறுக்கிக் கூடையில் போடும் வேலை கொடுக்கலாம், கிணற்றுப் பக்கமும் குளத்துப் பக்கமும் விடாதீர்கள். பிராகாரத்தை முதலில் முடித்துவிட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் கல் சுடத் தொடங்கிவிடும், பிள்ளைகள் காலில் செருப்பு இருக்காது.