கட்டுப்படியாகும் வீடு கேட்கிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வீடு வேண்டும் என்று மேடையில் சொல்லிப் பாருங்கள், யாரும் எதிர்க்க மாட்டார்கள். கட்டுமான நிறுவனம் தலையாட்டும், மாநகராட்சி உறுப்பினரும் தலையாட்டுவார். யாரையும் எதற்கும் கட்டிப்போடாத கோரிக்கை என்பதால்தான் அந்தத் தலையாட்டல். உள்ளூர் அளவில் வீட்டுக்காகப் போராடும் குழுக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை அடங்கினால் கட்டுப்படியாகும் என்பது பல நாடுகளில் புழங்கும் ஒரு பொதுக் கணக்கு. யாருடைய வருமானம், வருமானத்தைப் பார்க்கிறார்களா என்பதில்தான் சிக்கல். இங்கிலாந்தில் 2011 முதல், சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கும் வீடும் அரசுக் கணக்கில் ‘கட்டுப்படியாகும் வாடகை’ வீடுதான். சந்தை வாடகையே எட்டாத உயரத்தில் இருக்கும் லண்டனில், அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் துப்புரவுத் தொழிலாளிக்கு என்ன கிடைத்துவிடும்? அமெரிக்காவில் வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை, அதாவது வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை, வைத்து அளக்கிறார்கள். நியூயார்க் நகரத்துக்கான கணக்கில் நகருக்கு வெளியே உள்ள வசதியான பக்கத்து மாவட்டங்களும் சேருகின்றன. அந்த நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு ஏழைத் தெருவில் கட்டிய குடியிருப்பில் அந்தத் தெருக்காரரே நுழைய முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் மனுவில் எண்ணாகவே எழுதுங்கள்: இவ்வளவு மாத வருமானம் உள்ள குடும்பத்துக்கு, இவ்வளவுக்கு மிகாத வாடகையில், இத்தனை வீடுகள்.

அந்த வாடகை எத்தனை ஆண்டுக்கு என்று கேட்க மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஜெர்மனியில் அரசு மானியக் கடனில் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு குறிப்பிட்ட காலம் வரைதான். கெடு முடிந்ததும் வீடு சந்தைக்குப் போய்விடும். 1980களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 40 லட்சம் இருந்தன. இன்று ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதும் சேர்த்தும் சுமார் 10 லட்சம்தான். வியன்னா வேறு வழியில் போனது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பை இன்றும் நகராட்சியே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறது. பொது நிலம் பேச்சுக்கு வந்தால் விற்காதே, குத்தகைக்குக் கொடு என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கத்திப் பயனில்லை.

அடுத்தது, தவறான கதவைத் தட்டுவது. 2020இல் பெர்லின் மாநிலம் வாடகைக்கு உச்சவரம்பு போட்டது. 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. உச்சவரம்பு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள்ளேயே அது போகவில்லை. அந்தத் துறையில் சட்டம் போடும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை, கூட்டாட்சி அரசு ஏற்கெனவே சட்டம் போட்டுவிட்டது என்பதுதான் காரணம். குறைத்துக் கட்டிய வாடகையின் வித்தியாசத்தைப் பல குடித்தனக்காரர்கள் திருப்பிக் கட்ட நேர்ந்தது. நிலப் பயன்பாடு யார் கையில், வாடகைச் சட்டம் யார் கையில், பணம் யார் கையில் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு ஊர்வலம் போகலாம்.

சரி, கதவு சரியானது, நேரம்? ஒரு கட்டடத்துக்கு அனுமதி தரலாமா என்ற விசாரணை நடக்கும்போது ஓடி வருகிறவர்களுக்கு எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். எத்தனை மாடி, எவ்வளவு இடைவெளி, எத்தனை கார் நிறுத்துமிடம் என்பதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே நகரத் திட்டத்தில் முடிவாகியிருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் திட்டத்தை மாற்றி, குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் நெருக்கமாகக் கட்ட வழிவிட்டது. அப்புறம் கட்டட அனுமதிகள் கூடின. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒற்றை வீட்டு மனைகளில் மூன்று வீடு கட்டலாம் என்பதுதான் தலைப்புச் செய்தியானது. அப்படிக் கட்டியவை சொற்பம். பேருந்துத் தடங்களை ஒட்டிய அடுக்குமாடிகளும், கார் நிறுத்துமிடக் கட்டாயத்தை எடுத்ததும்தான் அதிக வீடுகளைத் தந்தன. சலிப்பூட்டும் அட்டவணைகளைப் படிக்க ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டுத் திட்டங்களை விவாதிக்கும் கூட்டங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பேசியவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊரில் அவர்கள் இருக்கும் விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள், பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தே பேசினார்கள் என்று தெரிந்தது. வேலை நேரத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வாடகைக் குடும்பம் எப்படி வரும்? மாலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், எழுத்தில் தரும் கருத்தும் பதிவாக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வருகிறவரைக் கண்ணீர்க் கதை சொல்ல மட்டும் மேடையேற்றாதீர்கள். மறுநாள் வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர்தான்.

எதிர்த்துப் பேசும் அக்கம்பக்கத்தாரை எல்லாம் சுயநலக்காரர் என்று திட்டுவதும் வேலையைக் கெடுக்கும். சிலருக்கு வேறு மாதிரி மனிதர் குடிவரக்கூடாது என்ற எண்ணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வடிகால் தாங்குமா, பள்ளியில் இடம் இருக்குமா என்று கேட்பவருக்குப் பதில் இருந்தால், அவரில் பாதிப்பேரை மௌனமாக்கவாவது முடியும். நம் பக்கத்திலேயே ‘இன்னும் கட்டு’ என்பவரும் ‘வாடகையைக் கட்டுப்படுத்து’ என்பவரும் அடித்துக்கொள்வது எதிர்த்தரப்புக்கு இலவசச் சேவை.

ஒப்புதல் கிடைத்ததும் கலைந்துபோகிற குழுக்களும் ஏராளம். பெரிய நிறுவனங்களின் குடியிருப்புகளைப் பொதுவுடைமையாக்கலாம் என்று 2021இல் பெர்லின் வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாத வகையைச் சேர்ந்தது. ஆண்டுகள் ஓடின, வீடுகள் கைமாறவில்லை. ஒப்புதலோடு கூடவே கேட்டு வாங்க வேண்டியவை உண்டு: ஒதுக்கீட்டுப் பட்டியல் எந்தத் தேதியில் வெளியாகும், பராமரிப்புச் செலவை யார் ஏற்பார், வாக்கு மீறினால் அபராதம் என்ன. மூன்றும் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வர வேண்டும்.