ஐந்து கிலோமீட்டர் தாண்டி நெட்வொர்க்: வயர்லெஸ் பாலம் அமைக்கும் முறை

இரண்டு கட்டடங்கள், நடுவே 5 கிலோமீட்டர். ஃபைபர் இழுக்க வழியில்லை. இரு மாடிகளிலும் ஆளுக்கொரு 5 ஜிகாஹெர்ட்ஸ் டிஷ் ரேடியோவை (கிண்ண ஆன்டெனா கொண்ட வயர்லெஸ் கருவி) வைத்து, அந்த இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக ஆக்குவதுதான் வேலை. சரியாகச் செய்தால் வருடக்கணக்கில் தொடாமல் ஓடும். இணைப்பு தடுமாறும்போது பலரும் செய்வது பவரைக் கூட்டிப் பார்ப்பது. கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். எவ்வளவு சிக்னல் வரவேண்டும் என்று முதலில் தாளில் கணக்குப் போடுங்கள். ரேடியோ காட்டும் எண்ணுக்கும் அந்தக் கணக்குக்கும் உள்ள இடைவெளியே பழுது எங்கே என்று சொல்லிவிடும்.

பாதை

எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் குறுகிய சுருட்டு வடிவ இடத்தை அடைத்துக்கொண்டு போகிறது. ஒளி வளைவதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெலின் பெயரால் இதை ஃபிரெனெல் மண்டலம் என்கிறோம். அதன் ஆரம் கண்டுபிடிக்க: இரு முனைகளிலிருந்தும் உள்ள தூரங்களைப் பெருக்கி, அதை மொத்த தூரமும் ஜிகாஹெர்ட்ஸும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 17.3ஆல் பெருக்குங்கள். தூரம் கிலோமீட்டரில் இருந்தால் விடை மீட்டரில் வரும்.

5.8 ஜிகாஹெர்ட்ஸில், 5 கி.மீ. பாதையின் நடுவில் இது 8 மீட்டர். ஒரு முனையிலிருந்து 1 கி.மீ. தள்ளி 6.4 மீட்டர். இதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது நடுப்பகுதியில் உள்ள மரத்தின் உச்சிக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையே 4.8 மீட்டர் இடைவெளி வேண்டும். பூமியின் வளைவையும் கூட்டுங்கள். 5 கி.மீ.க்கு அது 40 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், 20 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆகிவிடும், அப்போது மறந்தால் இணைப்பே கிடையாது.

மரம் வளரும். இன்று தலை தட்டாமல் போகிற பாதையில் மூன்று வருடத்தில் கிளை நுழையும். இலை அடர்ந்த ஒரே மரம் 10 டெசிபெலுக்கு (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) மேல் விழுங்கக்கூடும், அதாவது பத்தில் ஒன்பது பங்கு சிக்னல் போய்விடும். கம்பம் நடும்போதே இரண்டு மீட்டர் கூடுதலாக வைத்துவிடுங்கள். பிறகு உயர்த்துவது இரட்டை வேலை.

கணக்கு

1946இல் பெல் ஆய்வகத்தில் ஹெரால்டு ஃபிரிஸ் வெளியிட்ட சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. திறந்தவெளி இழப்பு = 32.44 + 20 × லாக் (கி.மீ.) + 20 × லாக் (மெகாஹெர்ட்ஸ்). லாக் என்பது பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை. 5 கி.மீ., 5800 மெகாஹெர்ட்ஸுக்கு 32.4 + 14.0 + 75.3, ஆக 121.7 டெசிபெல்.

ரேடியோ பவரும் ஆன்டெனா கெயினும் (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறன்) சேர்ந்த அளவுக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதை உங்கள் நாட்டு விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் பவர்) என்று எடுத்துக்கொள்வோம். 23 டிபிஐ (கெயினின் அலகு) டிஷ் என்றால் ரேடியோவின் பவர் 13 டிபிஎம். மறுமுனையில் 36 − 121.7 + 23 = −62.7. ஆக, −63 டிபிஎம் வரவேண்டும். டிஷ்ஷில் கிடைமட்டம், செங்குத்து என இரண்டு செயின்கள் (தனித்தனி சிக்னல் பாதைகள்) இருந்தால் பவர் இரண்டாகப் பிரியும். தனித்தனியாகக் காட்டும் திரையில் ஒவ்வொன்றும் −66க்கு அருகில் இருக்கும். இந்த 3 டெசிபெலைக் குறை என்று நினைத்து நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி இரைச்சல். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், நல்ல ரிசீவரின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் −95 டிபிஎம். 40 மெகாஹெர்ட்ஸில் −92. அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் போகும். −66க்கும் −95க்கும் இடைவெளி 29. 64-குவாம் பண்பேற்றம் (அலையில் டேட்டாவை நெருக்கி ஏற்றும் வேகமான முறை) நிலையாக ஓட 22 முதல் 25 வரை தேவை. 20 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, 40இல் கத்திமுனை.

பவரைக் கூட்டச் சட்டம் விடாது. ஆனால் டிஷ்ஷைப் பெரிதாக்கலாம். 23க்குப் பதில் இரு முனையிலும் 29 டிபிஐ டிஷ் வைத்து, பவரை 7 டிபிஎம் ஆகக் குறையுங்கள். வெளியே போவது அதே 36தான், ஆனால் கேட்கும் காது 6 டெசிபெல் கூர்மையாகிவிட்டது. அதோடு, கற்றை குறுகுவதால் பக்கத்து ரேடியோக்களின் சத்தமும் குறைவாகவே உள்ளே வரும். காசைச் செலவழிக்கச் சிறந்த இடம் இதுதான்.

தேவையான பொருட்கள்

பாலமாக இயங்கும் வெளிப்புற ரேடியோ இரண்டு, ஒரே மாடலாக இருந்தால் நல்லது. ரேடியோவுக்கென்று கொடுக்கப்பட்ட பிஓஇ இன்ஜெக்டர் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் கருவி) இரண்டு. வெயில் தாங்கும் உறையும் ஷீல்டும் (உள்ளே சுற்றிய உலோகக் காப்பு) கொண்ட கேட்5இ அல்லது கேட்6 கேபிள், ஒரு பக்கத்துக்கு 100 மீட்டருக்கு மிகாமல். ஷீல்டு உள்ள ஆர்ஜே45 முனைகள். ஈதர்நெட் சர்ஜ் புரொட்டெக்டர் (திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுப்பது) நான்கு. 40 முதல் 50 மி.மீ. இரும்புக் குழாய், கிளாம்ப், செம்பு எர்த் கம்பி, ஸ்பேனர், ரப்பர் டேப்.

கேபிளில் ஒரு ஏமாற்று உண்டு. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு பூசி, அசல் செம்பு போலவே விற்கிறார்கள். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் வேண்டாம். அசல் செம்பில் 60 மீட்டருக்குப் போகவர ஏறத்தாழ 5 ஓம் (பவருக்கு இரண்டு ஜோடி பயன்படும்போது), 0.4 ஆம்பியர் இழுக்கும் ரேடியோவுக்கு 2 வோல்ட் இழப்பு. பூச்சுக் கம்பியில் அது ஒன்றரை மடங்குக்கு மேல். 24 வோல்ட் ரேடியோ சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, டேட்டா வேகமாகப் போகும்போது மட்டும் ரீபூட் ஆனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான்.

இன்ஜெக்டரை மாற்றிப் போடாதீர்கள். 24 வோல்ட் பாசிவ் (எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே மின்சாரம் பாயும் வகை) ரேடியோவில் 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரைச் செருகினால் ரேடியோ கருகிவிடும்.

மேசையிலேயே இணைத்துவிடுங்கள்

மேலே ஏற்றிய பிறகு கட்டமைப்பது பாதி நாளைத் தின்னும். இரண்டு ரேடியோவையும் மூன்று மீட்டர் தள்ளி வைத்து, பவரை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். முழுப் பவரில் அருகருகே வைத்தால் ரிசீவர் திணறி, நல்ல ரேடியோவும் பழுதானதுபோல் தெரியும். ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாகவும் (இணைப்பைத் தருவது) மற்றதை ஸ்டேஷனாகவும் (அதில் சேர்வது), இரண்டையும் பிரிட்ஜ் முறையிலும் (இரு பக்கமும் ஒரே நெட்வொர்க்காக) அமையுங்கள். முகவரி 192.168.50.2, 192.168.50.3, மாஸ்க் 255.255.255.0. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம். நீளமான கடவுச்சொல். முகவரிகளை ரேடியோவின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது தூர அமைப்பு. பலர் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழு அலோஹாநெட் என்ற ரேடியோ வழிக் கணினி நெட்வொர்க்கை ஓடவிட்டது. பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) கிடைத்தால் மறுமுனை ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் தற்செயலான நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். வைஃபையும் அதே வம்சம்தான். ஆனால் வைஃபையின் பொறுமை அறைக்குள் இருக்கும் தூரத்துக்கு அளந்து வைத்தது. அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோசெகண்ட், 5 கி.மீ. போய்த் திரும்ப 33 மைக்ரோசெகண்ட். அந்த ஒப்புகை வந்துசேரும் முன்பே அனுப்பியவர் "தொலைந்தது" என்று முடிவுகட்டி, அதே பாக்கெட்டை மறுபடி அனுப்புவார். சிக்னல் பிரமாதமாக இருக்கும், வேகம் மட்டும் ஊர்ந்துபோகும்.

ஆகவே "டிஸ்டன்ஸ்" அல்லது "ஏசிகே டைம்அவுட்" (ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரம்) என்று இருக்கும் இடத்தில் 5.5 கி.மீ. என்று கொடுங்கள். அளவுக்கு மீறிக் கொடுத்தால், பாக்கெட் தொலையும் ஒவ்வொரு முறையும் வீணாகக் காத்திருக்கும். நேரத்தைப் பங்கிட்டுப் பேசும் டிடிஎம்ஏ முறை ரேடியோவில் இருந்தால் இரு முனையிலும் அதையே போடலாம். ஒரு முனையில் மட்டும் போட்டால் பேசவே பேசாது.

கம்பமும் கேபிளும்

மின்கம்பி பக்கத்தில் குழாயைத் தூக்காதீர்கள். காற்றிலும் ஈரத்திலும் மாடி விளிம்பு வேலை வேண்டாம். இடுப்பில் கயிறு இல்லாமல் எப்போதும் வேண்டாம்.

குழாய் ஆடக்கூடாது. 29 டிபிஐ டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறத்தாழ 6 டிகிரி. காற்றில் குழாய் 3 டிகிரி வளைந்தாலே பாதி சிக்னல் போய்விடும்.

கேபிள் ரேடியோவுக்குள் நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் வழிந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் நேராகப் போர்ட்டுக்குள் போகும். ரப்பர் டேப்பை இழுத்து நீட்டி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரை ஓடு அடுக்குவதுபோல் மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் ஏறியிருந்தால்தான் தண்ணீர் மடிப்புக்குள் போகாது. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம்.

சர்ஜ் புரொட்டெக்டர் ஒன்று ரேடியோ அருகில், ஒன்று கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில். எர்த் கம்பி குட்டையாக, நேராக, சுருளில்லாமல் போகட்டும். கம்பத்துக்குத் தனியாக எர்த் அடித்தாலும் அதைக் கட்டடத்தின் எர்த்தோடு கண்டிப்பாக இணையுங்கள். தனித்தனியாக விட்டால், மின்னல் அருகில் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டேஜ் வித்தியாசம் உங்கள் ஸ்விட்ச் வழியாகத்தான் சமனாகும். நேரடி மின்னலை எந்தப் புரொட்டெக்டரும் தாங்காது.

குறிபார்த்தல்

அலையைக் கிண்ணத்தால் குவித்து ஒரே திசையில் அனுப்பலாம் என்று 1888லேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் துத்தநாகத் தகட்டை வளைத்துக் காட்டிவிட்டார். குவித்த அலையைக் குறி தவறாமல் விடுவது நம் வேலை.

திசையை வரைபடத்தில் அளந்து, அந்தத் திசையில் தெரியும் ஓர் அடையாளத்தை வைத்துத் திருப்புங்கள். இரும்புக் கம்பத்தின் அருகில் காம்பஸ் பொய் சொல்லும். மேல்கீழ்ச் சாய்வைப் பொறுத்தவரை புதியவர்கள் அதிகமாகச் சாய்த்துவிடுவார்கள்: இரு மாடிகளுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தாலும் 5 கி.மீ.க்கு அது கால் டிகிரிகூட இல்லை. கிட்டத்தட்ட மட்டமாகவே வையுங்கள்.

ஒரு முனையை அசையாமல் நிறுத்துங்கள். மறுமுனையை இடமிருந்து வலமாக 30 டிகிரி மெதுவாகத் திருப்பி, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை சிக்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் வரும், உச்சத்தைத் தாண்டியும் போங்கள். ஏனென்றால் டிஷ்ஷுக்கு முதன்மைக் கற்றையின் இருபுறமும் பக்கக் கற்றைகள் உண்டு. அவற்றிலும் சிக்னல் ஏறி இறங்கும், 15 முதல் 20 டெசிபெல் குறைவாக. −63 வரவேண்டிய இடத்தில் −80இல் "உச்சம்" கிடைத்தது என்று நட்டை முடுக்கிவிட்டு இறங்குபவர்கள் ஏராளம். உண்மையான உச்சம் சில டிகிரி தள்ளி இருக்கும். அடுத்து மேல்கீழ், பிறகு மறுமுனையில் அதே வேலை, கடைசியில் முதல் முனையை இன்னொரு தடவை. நட்டு முடுக்கும்போது எண்ணிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். கடைசித் திருகில்தான் டிஷ் நகரும்.

கணக்குக்கு 3 டெசிபெல் உள்ளே வந்தால் நிறுத்தலாம்.

சானல்

இரு முனையிலும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் ஓடவிட்டு, அதிகச் சத்தம் உள்ள முனைக்கு எது தோதோ அந்தச் சானலை எடுங்கள். 5250–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பல நாடுகளில் ராடாருக்கு வழிவிட வேண்டும். ரேடியோ பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 நொடி கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பு திடீரென அறுந்து, சரியாக ஒரு நிமிடம் கழித்து வேறு சானலில் வந்தால் அது பழுதல்ல, ராடார்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் இருந்தால் கார்டு இன்டர்வலை (ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.8 மைக்ரோசெகண்டில் வையுங்கள். பல துணை அலைகளில் டேட்டாவைப் பிரித்து அனுப்பும் ஓஎஃப்டிஎம் (1966இல் ராபர்ட் சாங் முன்வைத்தது) எதிரொலியை இந்த இடைவெளியில்தான் விழுங்குகிறது. 0.8 என்றால் 240 மீட்டர் சுற்றி வரும் எதிரொலிவரை பாதிப்பில்லை, 0.4 என்றால் 120 மீட்டர்தான்.

சோதனையும் பழுதும்

இரு முனையிலும் ஒரு கணினி வைத்து ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள், ஒவ்வொரு திசையிலும் 60 நொடி. ரேடியோ காட்டும் இணைப்பு வேகத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் நல்ல இணைப்பு. ஒரே அலைவரிசையில் இருவரும் மாறிமாறிப் பேசுவதால் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சிக்னல் கணக்கைவிட 6 முதல் 10 டெசிபெல் குறைவு: ஃபிரெனெல் மண்டலத்தில் ஏதோ இருக்கிறது, உயர்த்துங்கள். 15க்கு மேல் குறைவு: பக்கக் கற்றை. ஒரு செயின் மட்டும் 5 டெசிபெலுக்கு மேல் தாழ்வு: அந்த ஆன்டெனாக் கனெக்டரில் தண்ணீர் அல்லது ஒரு டிஷ் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது. சிக்னல் சரி, ஒரு திசையில் மட்டும் வேகம் இல்லை: பெறும் முனையில் இரைச்சல், சானலை மாற்றுங்கள். இரு திசையும் மந்தம், சிக்னலும் இரைச்சலும் சரி: தூர அமைப்பு.

மழையில் மட்டும் அறுந்தால் மழையைக் குற்றம் சொல்லாதீர்கள். மணிக்கு 50 மி.மீ. கொட்டினாலும் 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 5 கி.மீ.க்கு 2 டெசிபெல் அளவில்தான் போகும். ஈரமான இலையும் நனைந்த கனெக்டரும்தான் காரணம். மழை நின்று பல மணி நேரம் கழித்தும் சிக்னல் மீளவில்லை என்றால் கனெக்டர் என்பது உறுதி, டேப்பைப் பிரித்து முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.