நியூயார்க்கில் இரு குடித்தன டவுன்ஹவுஸ்: புதுப்பிக்கும் எண்ணத்தோடு வாங்குவோருக்கு

புரூக்ளினிலோ ஹார்லெமிலோ நூறு வருடப் பழைய டவுன்ஹவுஸை (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய, பல மாடி வீடு) பார்க்கப் போனால், கண் முதலில் சமையலறைக்குத்தான் போகும். அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவில் எத்தனை குடித்தனம், மர உத்தரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற இரண்டும்தான் வீட்டை எவ்வளவு மாற்ற முடியும் என்பதைத் தீர்மானிக்கும்.

நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டி, 'சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபன்சி' இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தளத்துக்கு என்ன பயன்பாடு என்று அதில் எழுதியிருக்கும். 1938க்கு முன் கட்டிய பல வீடுகளுக்கு இந்தச் சான்றிதழே இருக்காது. அப்படியானால் 'லெட்டர் ஆஃப் நோ அப்ஜெக்‌ஷன்' (இப்போதைய பயன்பாட்டுக்குத் துறைக்கு ஆட்சேபமில்லை என்ற கடிதம்) வாங்கித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். சான்றிதழில் இரண்டு குடித்தனம், வீட்டிலோ மூன்று சமையலறை என்றால், மூன்றாவதன் வாடகையை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று குடித்தனமாக மாற்றினால் கட்டடம் பல குடித்தனக் கட்டடங்களுக்கான 'மல்டிபிள் டுவெல்லிங்' சட்டத்துக்குள் போய்விடும். தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாகும், புதிய சான்றிதழும் எடுக்க வேண்டும். கீழ்த்தளத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் அது செல்லர், இல்லையென்றால் பேஸ்மென்ட். தனி வீடு என்று அனுமதி பெறாத செல்லரில் குடிவைக்கக் கூடாது.

அதே தளத்தில் முடிக்காமல் விட்ட பழைய பர்மிட்டுகளையும் அபராத நோட்டீஸ்களையும் தேடுங்கள். எவரோ எடுத்து மூடாமல் போன பர்மிட், நாளை நீங்கள் புதிய சான்றிதழ் கேட்கும்போது குறுக்கே நிற்கும். பத்திரம், அடமானம் எல்லாம் 'ஏக்ரிஸ்' என்ற நகரப் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி எப்படியும் வில்லங்கம் பார்க்கும். ஆனாலும் வக்கீலுக்குப் பணம் கட்டுமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து உத்தரங்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் 18 முதல் 20 அடி அகலம். மர உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை குறுக்கே போகும். இரு முனைகளும் செங்கல்லுக்குள் செருகியிருக்கும். கூரை விளிம்போ மழைநீர்க் குழாயோ ஒழுகினால் செங்கல் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே மரமுனை உளுத்துப்போகும். வெளியே பெயின்ட் அடித்தால் எதுவும் தெரியாது. செல்லரில் சீலிங் இல்லாத இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டிய முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். நல்ல மரம் நுனியைத் தடுத்து நிறுத்தும். உளுத்த மரத்தில் சிரமமில்லாமல் உள்ளே இறங்கும். குளியலறைக்கு நேர் கீழே பழைய பிளம்பர்கள் குழாய்க்காக உத்தரத்தில் வெட்டிய பள்ளங்களையும் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

தரை மாடிப்படிப் பக்கம் சரிந்திருப்பது இந்த வீடுகளில் சகஜம். படிக்கான திறப்பைச் சுற்றியுள்ள உத்தரங்கள் கூடுதல் சுமை தாங்குவதால் அப்படி ஆகிறது. பழைய சரிவைவிடப் புதிய விரிசல்தான் கவலைக்குரியது. படியை ஒட்டிய தடுப்புச்சுவரை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்கும் ஆசை இருந்தால் கவனம்: தாங்குசுவராகக் கட்டாததாக இருந்தாலும், காலப்போக்கில் உத்தரங்கள் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஹோம் இன்ஸ்பெக்டர் மட்டும் போதாது, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரையும் அழைத்துப் போங்கள்.

தெருவின் பிரதானக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும் வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டருக்கு முன்னால் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று வெள்ளியாய் மின்னி, காந்தம் ஒட்டாவிட்டால் அது ஈயம். காந்தம் ஒட்டினால் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்பு. உள்ளே துரு அடைத்துத் தண்ணீர் வேகம் குறைந்திருக்கும். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

வரலாற்றுச் சிறப்புப் பகுதியில் வீடு இருந்தால் ஜன்னல், முகப்பு, வாசல்படி எதில் கைவைக்கவும் லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய மென்மையான செங்கல் சுவரில் வெறும் சிமென்ட் பூசி இணைப்பு அடைக்கவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லின் முகமே உதிரும். சுண்ணாம்புக் கலவைதான் சரி.

பணத்தில் பலர் மறப்பது வாங்கும்போது கட்டும் வரிகளை. விலை 10 லட்சம் டாலரைத் தொட்டாலே 1% 'மேன்ஷன் டாக்ஸ்', 20 லட்சத்திலிருந்து அதற்கும் மேல். 5 லட்சமும் அதற்கு மேலும் கடன் எடுத்தால் 1.925% அடமானப் பதிவு வரி. 9 லட்சம் கடனுக்குச் சுமார் 17,300 டாலர். வாங்கும் பணமும் வேலைச்செலவும் ஒரே கடனில் வேண்டுமென்றால் எஃப்எச்ஏ 203(கே) என்ற, மத்திய அரசு காப்பீடு தரும் புதுப்பிப்புக் கடன் உண்டு. அதற்கு நீங்களே அங்கே குடியிருக்க வேண்டும், வேலை முடிய முடியத்தான் ஒப்பந்தக்காரருக்குத் தவணையாகப் பணம் வரும்.

நியூயார்க்கில் வாங்குபவர், விற்பவர் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை எவருக்கும் கட்டாயமில்லை. அதனால் பரிசோதனைகள் எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடியட்டும். வழக்கமான முன்பணம் 10%. இரண்டு குடித்தனப் பகுதிகளும் காலியாக ஒப்படைக்கப்படும் என்ற வரியை வக்கீல் சேர்த்தே ஆக வேண்டும். 30 நாள் தங்கியவரைக்கூட நீதிமன்றம் போகாமல் வெளியேற்ற முடியாது, ஆள் இருக்கும் தளத்தில் சுவரை இடிக்கவும் முடியாது. கிளோசிங் (பத்திரம் கைமாறும் நாள்) அன்று காலையில் நேரில் போய், இரண்டு குடித்தனப் பகுதிகளும் காலியா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்த பிறகே காசோலையைக் கொடுங்கள்.