மாதவிடாய் நின்ற பிறகு தாடியும் கட்டைக் குரலும்: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பெரியம்மாவுக்கு அப்போது 63 வயது. ஒருநாள் போனை எடுத்து "ஹலோ" என்றார். "சார், வீட்ல அம்மா இருக்காங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துத் துளசிக் கஷாயம் போட்டுக் கொடுத்தோம். அதே வருடம் மோவாயில் முடி கறுப்பாய், தடிப்பாய் வளர ஆரம்பித்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் முடி மேலே ஏறிப்போனது. யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் முந்தானையை இழுத்து மோவாயை மூடிக்கொள்வார். குரல், தாடி, வழுக்கை மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றன என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போனது.

அந்தக் காரணம், உடம்பில் கூடிப்போன டெஸ்டோஸ்டீரோன். அது ஆண்களுக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. பெண்களின் சினைப்பையும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைக் கொஞ்சமாகச் சுரக்கின்றன. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் மளமளவென்று இறங்கிவிடும். டெஸ்டோஸ்டீரோன் அப்படிச் சட்டென்று விழுவதில்லை. அதனால்தான் 50, 55 வயதுக்கு மேல் பல பெண்களுக்கு மோவாயில் நாலைந்து முடி எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இந்தச் சாதாரண மாற்றத்தைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் "வயசானா இப்படித்தான்" என்று தள்ளிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. கவனிக்க வேண்டியது வேகம். பத்து வருடத்தில் மெதுவாக வந்த நாலு முடி வேறு, ஆறு மாதத்தில் முகம், நெஞ்சு, வயிறு என்று பரவுகிற முடி வேறு. அதோடு குரல் கட்டையாவது, ஆண்களுக்குப் போல முன்நெற்றி வழுக்கையாவது, புதிதாகப் பரு வருவது, உடற்பயிற்சி இல்லாமலே தோளும் கையும் திரண்டுபோவது, பெண்ணுறுப்பின் மேற்புறம் உள்ள மொட்டு பெரிதாவது என எது சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நம் வீட்டுப் பெண்கள் மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடமாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவர்கள் கேட்காவிட்டாலும்.

முகத்தை மட்டும் கவனித்துவிட்டு விட்டுவிடுவது அடுத்த தவறு. த்ரெடிங் செய்யலாம், ஷேவ் செய்யலாம், குப்பைமேனியும் மஞ்சளும் பூசலாம். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. இதில் எதுவும் உள்ளே சுரப்பதைக் குறைக்காது என்பதுதான் விஷயம். லேசருக்குப் பணம் கட்டும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது முடியின் கறுப்பு நிறத்தைப் பிடித்து வேலை செய்வது, நரைத்த முடியில் எடுபடாது. காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தடித்துப்போன குரல், சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 16-க்கு மேல் வந்தது. ரத்தசோகை இல்லாத வீடே இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய சந்தோஷம்! "பேரீச்சம்பழம் வேலை செய்யுது" என்றோம். டெஸ்டோஸ்டீரோன் மிகுந்தால் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கும், ரத்தம் கெட்டியாகும் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டை யாராவது இன்னொரு முறை யோசித்துப் பார்த்திருக்கலாம்.

ஹார்மோன் பரிசோதனையிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. சாதாரண லேப் கருவிகள் ஆண்களின் அளவுக்குச் சரியாக இருக்கும், பெண்களின் சிறிய அளவில் தடுமாறும். முடிந்தால், சிறிய அளவையும் துல்லியமாக அளக்கும் எல்சி-எம்எஸ் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லாமல் ரத்தம் கொடுக்கக் கூடாது, டெஸ்டோஸ்டீரோன் பொய்யாகக் கூடிக் காட்டலாம். பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருமனோ சர்க்கரையோ இருந்தால், டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்து வைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் குறைந்துவிடும். மொத்த அளவு நார்மல் என்று வந்தாலும், எதிலும் பிடிபடாமல் உடம்பில் சுற்றும் பங்கு கூடுதலாக இருக்கலாம். டிஹெச்இஏ-எஸ் என்று, அட்ரீனல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனையும் பார்ப்பார்கள். அது மிக அதிகமாக இருந்தால் சந்தேகம் அட்ரீனல் பக்கம் போகும். மாதவிடாய் நின்றவருக்கு மொத்த டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் கட்டி இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். அதற்குக் கீழே இருந்தாலும் அறிகுறி வேகமாக ஏறினால் விடக் கூடாது.

ஸ்கேனில் "நார்மல்" என்று வந்ததும் நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். அதுவும் தப்புதான். டெஸ்டோஸ்டீரோன் சுரக்கும் சினைப்பைக் கட்டி ஒரு பட்டாணி அளவுகூட இருக்கலாம், வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் தப்பிவிடும். ஹைப்பர்தீகோசிஸ் என்ற நிலையில் கட்டியே இருக்காது, சினைப்பையின் திசுவே இந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். பெரும்பாலும் சர்க்கரை, பருமன் உள்ளவர்களிடம் காணப்படுவது இது. பெரியம்மாவுக்கு எம்ஆர்ஐயில்தான் இடது சினைப்பையில் சின்னதாக ஒன்று தெரிந்தது. லேப்ராஸ்கோப்பியில் இரண்டு சினைப்பையையும் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. அடுத்த வாரமே டெஸ்டோஸ்டீரோன் இறங்கிவிட்டது, முடி குறையத்தான் மாதங்கள் ஆயின.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும். கூடுதல் டெஸ்டோஸ்டீரோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், அது கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். அதில் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

இளம்பெண்களுக்கு நீர்க்கட்டிக்காகத் தரும் ஹார்மோன் மாத்திரையை மகளிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள். இந்த வயதில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். டெஸ்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலேக்டோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்றவற்றோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் வேகமாக. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, வெயிலுக்குத் தினம் குடிக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

சரி, யாரைப் பார்ப்பது? நாளமில்லாச் சுரப்பி மருத்துவரை. போகும்போது ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண போட்டோ ஒன்று எடுத்துப் போங்கள், முகம் எப்படி மாறியது என்று நூறு வார்த்தை சொல்வதைவிட அது உதவும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை, மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், தலையில் பூசும் மினாக்சிடில், கணவர் தோளில் தடவும் டெஸ்டோஸ்டீரோன் ஜெல், "சக்தி வரும்" என்று யாரோ கொடுத்த பெயர் ஒட்டாத பொடி, எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கட்டும். மினாக்சிடில் டெஸ்டோஸ்டீரோனைக் கூட்டாமலே முகத்தில் முடி வளர்க்கும். அந்த ஜெல்லோ, கணவரின் தோளில் காய்வதற்குள் மனைவியின் தோலில் பட்டாலே ரத்தத்தில் சேர்ந்துவிடும்.