மருத்துவ அறவியல் கற்பிக்கப் புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டியவை

நேரத்துக்கு வாருங்கள், வாட்டில் கைபேசியை மூடி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். திருகோணமலையில் இளம் கற்பிப்போரிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பவை வேறு. எங்கள் காலத்து வகுப்புகளும் இப்படித்தான் இருந்தன.

நான்கு கோட்பாடுகளை மனனம் செய்விப்பது

தன்னாட்சி (தன் சிகிச்சையை நோயாளரே முடிவுசெய்வது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. 1979இல் அமெரிக்க அறவியலாளர்களான பீச்சமும் சில்ட்ரெஸும் முன்வைத்தவை. மாணவர் அழகாக ஒப்புவிப்பார்கள். இவற்றில் இரண்டு ஒன்றோடொன்று மோதும் ஒரு நோயாளரை முதலில் காட்டுங்கள். பெயர்களைப் பிறகு சொல்லலாம்.

ஒப்புதலைக் கையெழுத்தாகக் கற்பிப்பது

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மூதூர்ப் பக்கமிருந்து சத்திரசிகிச்சைக்கு வந்த ஓர் அம்மாவிடம் ஒப்புதல் வாங்கியாயிற்று என்று ஒரு மாணவர் படிவத்தை நீட்டினார். கையெழுத்து இருந்தது. "என்ன செய்யப் போறாங்க எண்டு விளங்கினதா அம்மா?" என்று கேட்டேன். "வயித்துக்க கட்டி ஒண்டு இருக்காம், அத எடுக்கிறதாம்" என்றார்.

எடுக்கவிருந்தது கர்ப்பப்பையை.

விளக்கம் சிங்களத்தில், மொழிபெயர்க்க வந்த மகனிடம் சொல்லப்பட்டிருந்தது. தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்ல மகனுக்குக் கூச்சம். சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்து, தமிழ் பேசும் தாதி ஒருவர் படம் வரைந்து விளக்கினார். "மருந்தால பாக்க ஏலாதா?" என்பதுதான் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி. மாற்று வழிகளைப் பற்றி அதுவரை எவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை!

மாணவரிடம் "கையெழுத்து வாங்கினீர்களா?" என்று கேட்பதை விடுங்கள். நோயாளரே தன் சொற்களில் திருப்பிச் சொன்னாரா என்று கேளுங்கள். ஆபத்துகள், வேறு வழிகள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவை அதில் வரவேண்டும். கையெழுத்திட்ட பிறகும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். நோயாளர் விரும்பினால் உறவினர் பக்கத்தில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் இந்த ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்காத அறவியல் வகுப்பு எதற்கு?

டஸ்கீகியோடு நிறுத்துவது

1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் உரிய சிகிச்சை தராமலும் ஆய்வு நடத்திய அநியாயம் அது. சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம் வாட்டில் அனுமதி கேட்காமல் பத்துப் பேர் ஒரே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதையும் அதே மூச்சில் பேசுங்கள்.

நோயாளர் முன் மாணவரைத் திட்டுவது

வேண்டாம்.

எழுத்துப் பரீட்சை மட்டும் வைப்பது

கட்டிலருகே பேசவிட்டுப் புள்ளி போடுங்கள்.