மூத்தோர் தடுமாறாத மொபைல் செயலி: டிசைனிலும் நிரலிலும் செய்ய வேண்டியவை

வயதானவர்களுக்கும் ஏற்ற செயலி வேண்டும் என்றதும் பல குழுக்கள் முதலில் செய்வது, ‘முதியோர் பயன்முறை’ என்று தனியாக ஒரு சுவிட்ச் வைப்பதுதான். அது வேண்டாம். செட்டிங்ஸுக்குள் நாலு படி இறங்கி அதைக் கண்டுபிடிப்பவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுகிறவர் அங்கே போகவே மாட்டார். போதாக்குறைக்கு, இரண்டு வகைத் திரைகளைப் பராமரிக்க ஆள் போதாமல் சில மாதங்களில் அந்தப் பயன்முறை பின்தங்கிவிடும். இருக்கிற ஒரே திரையைச் சரியாகச் செய்யுங்கள். கண் மங்கியவர் போனிலேயே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், அல்லது வீட்டில் யாராவது செய்து கொடுத்திருப்பார்கள். அந்த அமைப்பைச் செயலி கெடுக்காமல் இருப்பதுதான் முதல் வேலை.

எழுத்து பெரிதானால் திரை உடையக் கூடாது

ஆண்ட்ராய்டில் எழுத்தளவை எஸ்பி (sp) அலகில் கொடுங்கள்; பயனர் போனில் வைத்த எழுத்தளவோடு சேர்ந்து வளரும் அலகு அது. எழுத்தளவு அமைப்புக்கு அசையாத டிபி (dp) அலகில் கொடுத்தால் பயனர் போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் உங்கள் செயலியில் மட்டும் எழுத்து அசையாது. வரி உயரத்தையும் எஸ்பியிலேயே கொடுக்க வேண்டும். எழுத்து வளர்ந்து வரி உயரம் வளராவிட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். ஐபோனில் பயனரின் எழுத்தளவுக்கு ஏற்ப வளரும் டைனமிக் டைப் வசதியைப் பயன்படுத்தினால், வழக்கமாக 17 புள்ளியில் (பாயின்ட் அலகு) இருக்கும் பத்தி எழுத்து உச்ச அளவில் 53 புள்ளியாகிறது. ‘லேஅவுட் உடைகிறது’ என்று சொல்லி 130 சதவீதத்தில் பூட்டுப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மாற்ற வேண்டியது லேஅவுட்டை.

உடைவது பெரும்பாலும் உயரம் பூட்டிய பட்டன்களில். 48 டிபி உயரம் என்று கட்டிவைத்த பட்டனில் ‘அனுப்பு’ என்ற சொல்லை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மேலே புள்ளி வெட்டுப்படும், கீழே உகரக் கொக்கி வெட்டுப்படும். மிஞ்சுவது படிக்க முடியாத ஒரு பட்டை. தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும், சொற்களும் நீளம். அதனால் உயரத்தைக் ‘குறைந்தபட்சம் 48’ என்று வைத்து, உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளரவிடுங்கள். வரி உயரம் எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பட்டன்கள் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். முழுத்திரையும் ஸ்க்ரோல் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ‘சரி’ பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும், பயனர் அங்கேயே மாட்டிக்கொள்வார். முக்கியமான தகவலை மூன்று புள்ளி வைத்து வெட்டாதீர்கள். எழுத்தளவோடு ‘டிஸ்ப்ளே அளவு’ என்ற அமைப்பையும் சேர்த்து உச்சத்தில் வைத்துச் சோதியுங்கள். பலர் இரண்டையும் கூட்டியே வைத்திருப்பார்கள்.

நிறம்

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும், கண்மணி சுருங்கி உள்ளே போகும் வெளிச்சம் குறையும். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான வித்தியாசம் மங்குவது இதனால்தான். எல்லோரும் அணுகும்படி வடிவமைப்பதற்கான சர்வதேச நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG), சாதாரண எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் கேட்கிறது, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம். அதன் உயர்நிலை 7:1. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 2.85:1தான் தரும். #767676 மயிரிழையில் 4.5ஐத் தாண்டும். #595959 வைத்தால் 7:1 கிடைக்கும். டிசைனர்களுக்குப் பிடித்த அந்த வெளிர்சாம்பலை விட்டுக்கொடுப்பதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. உள்ளீட்டுப் பெட்டியின் ஓரக்கோட்டுக்கும் ஐகானுக்கும் 3:1 வேண்டும். பெட்டிக்குள் மங்கலாக ‘உங்கள் பெயர்’ என்று எழுதி அதையே லேபிளாக விடாதீர்கள்: தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், என்ன கேட்டார்கள் என்பதும் மறந்துவிடும். லேபிள் பெட்டிக்கு மேலே நிலையாக நிற்கட்டும்.

விரல்

தொடும் இடத்தின் குறைந்தபட்ச அளவு ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலில் 48 டிபி, ஆப்பிளில் 44 புள்ளி. கையில் அளந்தால் 48 டிபி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 குறைந்தபட்சமாக 24 பிக்சலை ஏற்றுக்கொள்கிறது. நடுங்கும் விரலுக்கு அது போதாது. 24 டிபி ஐகானாகவே இருந்தாலும் சுற்றிலும் இடம்விட்டுத் தொடுபரப்பை 48 ஆக்குங்கள். முக்கியச் செயல்களுக்கு 56, 60 என்று போகலாம். இரண்டு பட்டன்களுக்கு நடுவில் 8 டிபியாவது வெற்றிடம் வேண்டும். ‘நீக்கு’ பட்டனை ‘சேமி’ பட்டனுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பெரும்பாலான குழப்பம் பட்டன் அளவில் இல்லை, தொடுகையைப் போன் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. விரல் பட்ட இடத்திலிருந்து சுமார் 8 டிபி நகர்ந்தாலே ஆண்ட்ராய்டு அதை ஸ்க்ரோலாக எடுத்துக்கொள்ளும். தோல் காய்ந்த விரல்நுனியைத் திரை சில நேரம் உணர்வதே இல்லை. எதுவும் நடக்கவில்லையே என்று அவர் அடுத்த முறை அழுத்தி, நேரமெடுத்துத் தொடுவார். அது நீண்ட அழுத்தமாகி வேறு ஏதோ மெனு திறக்கும். அதை மூடத் தெரியாமல் செயலியையே மூடிவிடுவார். இந்தச் சங்கிலியை அறுக்கச் செய்ய வேண்டியவை:

- நீண்ட அழுத்தத்திலோ ஸ்வைப்பிலோ மட்டும் கிடைக்கும் வசதி எதுவும் இருக்கக் கூடாது. அதே வேலைக்குக் கண்ணுக்குத் தெரியும் பட்டன் ஒன்று வேண்டும். இழுக்கும் ஸ்லைடருக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் பட்டன்கள் வையுங்கள்.
- விரல் பட்டவுடன் பட்டனின் நிறம் மாறட்டும், லேசான அதிர்வும் வரட்டும். தொடுகை பதிவானதா என்ற சந்தேகம் அங்கேயே தீரும்.
- செயல் நடப்பது விரல் எடுக்கும்போது. தவறிப் பட்டதை உணர்ந்தவர் விரலை வெளியே நகர்த்தி ரத்து செய்ய முடியும்.
- முதல் தொடுகைக்குப் பிறகு பட்டனைப் பூட்டி ‘அனுப்பப்படுகிறது’ என்று காட்டுங்கள். சர்வரிலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளம் வைத்து, ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் ஒன்றாகக் கொள்ளுங்கள். பணப் பரிமாற்றத்தில் இது கட்டாயம்.

நேரம், ஓடிபி, படிவம்

திரையில் தோன்றித் தானே மறையும் ஆண்ட்ராய்டின் டோஸ்ட் செய்தி நிற்பது 2 விநாடி, நீண்டது 3.5 விநாடி. கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போய்விடும். பிழை, உறுதிப்பாடு எதையும் டோஸ்டில் போடாதீர்கள். பயனர் மூடும்வரை திரையிலேயே நிற்கட்டும். லாகின் காலாவதி ஆகும் முன் எச்சரித்து, நீட்டிக்க 20 விநாடியாவது கொடுங்கள் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. ஒரு நிமிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஓடிபியில் பலர் தோற்பது எண்ணைப் படிக்க முடியாமல் அல்ல. செய்தியைப் பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் படிவம் காலியாகிவிடுகிறது. திரை நிலையைச் சேமித்து வையுங்கள், பின்னணியில் செயலி மூடப்பட்டாலும் எழுதியது மிஞ்ச வேண்டும். தானாக நிரப்பும் வசதி இரண்டு தளங்களிலும் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் பேஸ்ட் செய்வதையும் திருத்துவதையும் அடிக்கடி கெடுக்கும். ஒரே பெட்டி போதும்.

பிறந்த தேதிக்குக் காலண்டரைத் திறப்பது இன்னொரு வதை. இன்றைய மாதத்தில் திறக்கும் காலண்டரில் 70 வருடம் பின்னால் போக 840 முறை அம்பைத் தட்ட வேண்டும். வருடத்தைத் தட்டினால் பட்டியல் வரும் என்பது தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். நாள், மாதம், வருடம் என மூன்று எண் பெட்டி வையுங்கள்.

சொற்கள்

ஐகானுக்குக் கீழே பெயர் எழுதுங்கள், எல்லா ஐகானுக்கும். மூன்று கோடு மெனுவுக்குள் அன்றாட வேலைகளை ஒளிக்காதீர்கள். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற செய்தியைப் பார்த்ததும் வயதானவர் தன்மீதே பழி போட்டுக்கொண்டு போனைக் கீழே வைத்துவிடுவார். இப்படி எழுதலாம்: ‘இணைய இணைப்பு இல்லை. நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது. இணைப்பு வந்ததும் மறுபடி அனுப்பு என்பதை அழுத்துங்கள்.’ என்ன நடந்தது, எதை இழக்கவில்லை, அடுத்து என்ன. இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீக்கியதைத் திரும்ப எடுக்கும் வழியும் இருக்க வேண்டும், ‘நிச்சயமா?’ என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சோதனை

கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர், ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடின் ஆக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர் இரண்டும் தொடுபரப்பு, கான்ட்ராஸ்ட், விடுபட்ட லேபிள் ஆகியவற்றைக் காட்டிவிடும். அதற்குப் பிறகு ஐந்தாறு பேரை உட்கார வையுங்கள். அறுபதுகளில் இருப்பவரும் எண்பதைத் தாண்டியவரும் கலந்து இருக்கட்டும். அவரவர் சொந்தப் போனிலேயே நிறுவிக் கொடுங்கள், உங்கள் சோதனைப் போனில் அவர்களுடைய எழுத்தளவு இருக்காது. ‘மெனுவைத் தட்டுங்கள்’ என்று சொல்லாமல் ‘போன மாத ரசீதை எடுங்கள்’ என்று வேலையைச் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள், அவர் போனைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததா என்பதை மட்டும் குறிக்காமல், விரல் எந்த இடத்தில் தயங்கி நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட பிறகும் ஒன்று பாக்கி. பலர் செயலியை இடத்தை வைத்தே பழகியிருப்பார்கள்: கீழே வலது ஓரம், இரண்டாவது வரி என்று. ஒவ்வொரு அப்டேட்டிலும் பட்டன்களை இடம் மாற்றினால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய இடத்தில் ‘இது இப்போது இங்கே இருக்கிறது’ என்று புதிய இடத்துக்கு அழைத்துப்போகும் இணைப்பை இரண்டு மூன்று வெளியீடுகளுக்காவது விட்டுவையுங்கள்.