முளைக்க மறுத்த பப்பாளி விதை

பழத்திலிருந்து வழித்தெடுத்த பப்பாளி விதையை அப்படியே தொட்டியில் போட்டால் பெரும்பாலும் முளைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள வழவழப்பான சவ்வில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. விதைகளைச் சாம்பலில் புரட்டிக் கசக்கி, சவ்வு கழன்றதும் அலசி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். இரண்டு மூன்று வாரங்களில் முளைவிட்டன.

அடுத்த தொல்லை நாற்றழுகல். நன்றாக நின்ற நாற்று தண்டின் அடியில் நைந்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும். ஈரம் தேங்கினால் பித்தியம் பூசணத்துக்குக் கொண்டாட்டம். மண்ணில் மணலைத் தாராளமாகக் கலந்து, காலையில் மட்டும் நீர் விட்டேன். மக்கிய எருவோடு நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி தூளையும் சேர்த்தேன். சாய்வது நின்றது.

காய்க்காத ஆண் மரச் சிக்கலுக்குக் குறுக்குவழி இல்லை. நாட்டுப் பப்பாளியில் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. (விதையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று சிலர் அளப்பதை நான் நம்புவதில்லை.) ஆகவே குழிக்கு மூன்று நாற்று வைக்கிறேன். நீண்ட காம்பில் பூங்கொத்துத் தொங்கினால் அது ஆண். மகரந்தத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவிட்டு மற்ற ஆண் மரங்களை வெட்டிவிடுகிறேன். கோ.7 போன்ற இருபால் பூ ரகங்களில் இந்த வேலை இல்லை.